சாயத் தண்ணீருக்கு எந்த ஒளிவினையூக்கி: டைட்டானியமா, துத்தநாகமா, கார்பன் நைட்ரைடா?

கடலூர், சிதம்பரம், புதுச்சேரி பக்கத்துக் கல்லூரிகளில் முதுகலை வேதியியல் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து ஆண்டுதோறும் ஒரே கேள்வி வரும். வெயில் பட்டால் சாயத்தைச் சிதைக்கும் பொடி, அதாவது ஒளிவினையூக்கி ஒன்றைச் செய்து ப்ராஜெக்ட் போட வேண்டும், எதைச் செய்யலாம்? பெரும்பாலும் ஆற்றல் இடைவெளி (பொடி வேலை செய்ய ஒளிக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) அட்டவணை ஒன்றைக் காட்டி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை எது அதிகம் வாங்குகிறதோ அதைச் செய் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சம் கிடையாது. சிக்கல் எல்லாம் தண்ணீரில் இருக்கிறது. அதனால் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் கைத்தறிக் கைலிக்கு நூல் சாயம் போடும் பட்டறைகளை எடுத்துக்கொள்வோம். அங்கே புழங்குபவை முக்கியமாக இரண்டு வகை: வாட் சாயம், ரியாக்டிவ் சாயம். வாட் சாயம் காற்றுப்பட்டால் கரையாத நிலைக்குத் திரும்பிவிடும். படிகாரம் போட்டுக் கலக்கிப் படிய விட்டாலே பெரும்பகுதி அடியில் தங்கும். அதற்கு ஒளிவினையூக்கி தேவையில்லை. ரியாக்டிவ் சாயம் அப்படியல்ல. நூலில் பிடிக்காமல் போன பங்கு நீரோடு வினைபுரிந்து, கரைந்தபடியே வெளியேறும். சாயத்துக்குச் சாயம் மாறினாலும், போட்டதில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இப்படி வீணாவது சாதாரணம். கூடவே லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் உப்பு, 10 முதல் 20 கிராம் சோடா ஆஷ். பி.எச். 11-ஐ ஒட்டி நிற்கும்.

இந்தத் தொட்டி நீரில் நேரடியாக எந்தப் பொடியைப் போட்டாலும் ஏமாற்றம்தான். அடர்ந்த நிறத்தில் ஒளி சில மில்லிமீட்டர்கூட இறங்காது. சோடா ஆஷிலிருந்து வரும் கார்பனேட், சாயத்தைத் தாக்க வேண்டிய ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்னும் வீரியமான துணுக்கைத் தானே விழுங்கிவிடும். குளோரைடும் தன் பங்குக்கு விழுங்கும். ஆனால் தொட்டியிலிருந்து எடுத்த நூல் சிட்டங்களை அலசுகிறார்களே, அந்த இரண்டாவது, மூன்றாவது அலசல் நீர் வேறு கதை. சாயம் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம்தான் இருக்கும். உப்பும் கார்பனேட்டும் பல மடங்கு குறைந்திருக்கும். பி.எச். 8, 9-க்கு வந்திருக்கும். ஒளிவினையூக்கிக்குரிய தண்ணீர் இதுதான். இனி நான் ஒப்பிடுவதெல்லாம் இந்த அலசல் நீரை மனதில் வைத்துத்தான்.

வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறைகடத்திப் பொடி ஒன்று தன் ஆற்றல் இடைவெளிக்குமேல் ஆற்றலுள்ள ஒளியை வாங்கினால் எலக்ட்ரான் மேலே தாவும், கீழே ஒரு துளை மிஞ்சும். எலக்ட்ரான் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பிடித்து சூப்பராக்சைடு ஆக்கும். துளை நீரையோ ஹைட்ராக்சைடையோ தாக்கி ஹைட்ராக்சில் ரேடிக்கல் தரும். எந்த ஒளி போதும் என்பதற்கு 1240-ஐ ஆற்றல் இடைவெளியால் வகுத்தால் போதும், நானோமீட்டரில் விடை வரும். அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 387 நானோமீட்டர், புற ஊதா. துத்தநாக ஆக்சைடும் ஏறக்குறைய அதே இடம். கிராஃபைட் வகை கார்பன் நைட்ரைடுக்கு 2.7, அதாவது 460-ஐ ஒட்டிய நீலம். 1972-இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளியால் நீரைப் பிளந்து காட்டிய பிறகு வளர்ந்த துறை இது. கார்பன் நைட்ரைடு ஒளிவினையூக்கியாகப் பெயர் வாங்கியது 2009-இல்.

வெயிலில் புற ஊதா நூற்றுக்கு நான்கைந்து பங்குதான் என்பதை வைத்தே டைட்டானியத்தை ஒதுக்குகிறார்கள். அந்த நான்கைந்து பங்கே தெளிந்த நண்பகலில் இங்கே சதுர மீட்டருக்கு 30 வாட்டுக்கு மேல் வரும். நீர்த்த அலசல் நீருக்கு அது குறைவே இல்லை.

துத்தநாக ஆக்சைடை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் கல்லூரி ஆய்வகத்தில் செய்ய இதைவிட எளிதானது கிடையாது. பலரும் ஜிங்க் அசிடேட்டில் காஸ்டிக் சோடாவைச் சொட்டுகிறார்கள். அதைவிட ஆக்சலேட் வழி எனக்குப் பிடிக்கும். ஜிங்க் சல்பேட் கரைசலைச் சூடாக்கி, கலக்கிக்கொண்டே ஆக்சாலிக் அமிலக் கரைசலை மெதுவாக ஊற்றினால் சில நிமிடங்களில் பால்போல் கலங்கி, கனத்த வெள்ளைப் படிவு விழும். காஸ்டிக் வழியில் வரும் வழவழப்பான படிவை வடிகட்டவே அரை நாள் போய்விடும். ஆக்சலேட் படிவோ மணல் போலத் தாளில் நிற்கும், சட்டென்று கழுவலாம். கழுவி உலர்த்தி மஃபிள் உலையில் 450 டிகிரியில் சுட்டால் துத்தநாக ஆக்சைடு கையில் இருக்கும். நூறு கிராம் ஆக்சலேட்டுக்கு 43 கிராம் ஆக்சைடு என்பது கணக்கு. அதைவிட அதிகமாக வந்தால் சூடு போதவில்லை, ஆக்சலேட் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். கருவி எதுவும் இல்லாமல் தராசை வைத்தே தரம் பார்க்க முடிகிற வழி இது. சுடும்போது கார்பன் மோனாக்சைடு வரும், ஆக்சாலிக் அமிலமும் நஞ்சு. உலை, புகைபோக்கிக்குக் கீழே இருந்தே ஆக வேண்டும்.

அலசல் நீரின் பி.எச்.சிலும் துத்தநாக ஆக்சைடு நன்றாகவே ஓடும். அதன் மேற்பரப்பு பி.எச். 9-க்குக் கீழே நேர்மின் ஏற்றம் கொண்டது. ரியாக்டிவ் சாயங்கள் சல்போனேட் தொங்கும் எதிர்மின் அயனிகள். இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அமிலம், காரம் எதையும் சேர்க்காமல் இப்படி ஒத்துப்போவது பெரிய வசதி.

ஆனால் ஒரு கணக்கு என்னை இதிலிருந்து விலக்குகிறது. லிட்டருக்கு ஒரு கிராம் பொடி போடுவது வழக்கம். நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் துத்தநாகத்துக்கு நம் நாட்டுப் பொது வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். போட்ட ஒரு கிராமில் ஆயிரத்தில் ஆறு பங்கு கரைந்தாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும். துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். ஒளி படும்போது அதன் சொந்தத் துளைகளே அதை அரிக்கவும் செய்யும். சாயத்தைச் சிதைத்த பின் உருவாகும் சிறு அமிலங்கள் பி.எச்.சைக் கீழே இழுத்தால் இன்னும் வேகமாகக் கரையும். நிறம் போன நீரில் துத்தநாகம் ஏறிவிட்டதென்றால் அதை உப்பனாற்றிலோ கெடிலத்திலோ விட யாருக்கும் உரிமை இல்லை. சிப்காட் கழிவுகளால் உப்பனாற்றுக் கரைக் கிராமங்கள் பட்டது போதும். துத்தநாக ஆக்சைடை வைத்து ஆய்வு செய்யுங்கள், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் வடித்தெடுத்த நீரில் துத்தநாகம் எவ்வளவு என்று அணு உறிஞ்சுமானியில் அளந்து ஆய்வேட்டில் போடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் ‘நீர் சுத்திகரிப்பு’ என்று தலைப்பு வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

டைட்டானியம் டை ஆக்சைடு கரையாது. அமிலம், காரம், வெயில் எதற்கும் அசையாது. இதன் சிக்கல்கள் வேறு. முதலாவது, செய்வது. சால்-ஜெல் முறையில் டைட்டானியம் ஐசோபுரோபாக்சைடு வேண்டும். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் அந்தப் புட்டியைத் திறந்து மூடுவதே ஒரு பாடு. இரண்டு முறை திறந்தாலே கழுத்தில் வெள்ளைப் பொறுக்கு கட்டி, அடுத்த முறை மூடி திருகாது. உள்ளே இருப்பதும் மெல்லக் கலங்கத் தொடங்கும். விலையும் கூடுதல். ஐசோபுரோபனாலில் கரைத்து, அசிட்டிக் அமிலம் சேர்த்து வினையைத் தணித்து, நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஜெல்லாக்கி உலர்த்தி 450 டிகிரியில் சுட வேண்டும். 600-ஐத் தாண்டினால் அனடேஸ், ரூட்டைல் என்னும் வேறு படிக வடிவமாக மாறத் தொடங்கும், மேற்பரப்பும் சுருங்கும்.

இவ்வளவு பாடுபட்டு வரும் பொடி, கடையில் கிடைக்கும் பி25 என்னும் டைட்டானியம் டை ஆக்சைடு பொடியை வெல்வது அரிது. அது ஏறக்குறைய எண்பது பங்கு அனடேஸும் இருபது பங்கு ரூட்டைலும் கலந்தது, கிராமுக்கு சுமார் 50 சதுர மீட்டர் மேற்பரப்பு கொண்டது. உலகெங்கும் புதுப்பொடிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலே அதுதான். எனவே டைட்டானியம் என்றால் பொடியை வாங்கிவிடுங்கள் என்பேன். ‘செய்தேன்’ என்று காட்ட வேண்டிய கட்டாயம் பிள்ளைகளுக்கு இருப்பது தெரியும். அந்தத் திறமையைப் பூச்சில் காட்டலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது சிக்கல், டைட்டானியத்தின் மேற்பரப்பு பி.எச். 6-ஐச் சற்றுத் தாண்டினாலே எதிர்மின் பக்கம் சாய்ந்துவிடும். அலசல் நீரின் 8, 9-இல் ரியாக்டிவ் சாயத்தை அது தள்ளிவிடும். அமிலம் சேர்த்து 4, 5-க்கு இறக்கினால் சாயம் ஒட்டும், கார்பனேட்டும் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். ஒரே செலவில் இரண்டு பலன். அலசல் நீரில் காரம் குறைவென்பதால் அமிலமும் அதிகம் பிடிக்காது. வேலை முடிந்ததும் பி.எச்.சை 6, 7-க்கு உயர்த்தினால் தொங்கிக்கொண்டிருக்கும் பொடி திரண்டு இரவோடு இரவாகப் படிந்துவிடும். பொடியைத் திரும்பப் பிடிக்க இதுவே மலிவான வழி.

கார்பன் நைட்ரைடு மூன்றாவது. உலோகமே இல்லாதது, அதனால் உலோகக் கசிவு என்ற பேச்சே இல்லை. யூரியாவையோ மெலமினையோ மூடிய பீங்கான் குரூசிபிளில் போட்டு 550 டிகிரிக்கு ஏற்றி இரண்டு, மூன்று மணி நேரம் வைத்தால், திறக்கும்போது வெளிர் மஞ்சள் பொடி இருக்கும். யூரியாவில் வருவது பஞ்சு போல் லேசானது, மேற்பரப்பு அதிகம். ஆனால் நூறு கிராம் போட்டால் ஐந்து கிராம்கூடத் தேறுவது அரிது, மற்றதெல்லாம் அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடுமாகப் போய்விடும். மெலமினில் ஏறக்குறைய பாதி தேறும், ஆனால் கட்டியாக, அடர் மஞ்சளாக, மேற்பரப்பு குறைவாக வரும். உரக்கடை யூரியாவை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். 2015 முதல் நம் உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. அந்த எண்ணெய் கரியாகிப் பொடியில் கலக்கும், முடிவுகளைக் குழப்பும். மானிய யூரியாவை வேறு வேலைக்குத் திருப்புவது சட்டப்படியும் தவறு.

நீல ஒளியை வாங்குகிறது என்பதால் இதைப் பெரிதாகப் பேசுகிறார்கள். அதன் துளைக்கு வலு குறைவு என்பதைப் பேசுவதில்லை. நீரிலிருந்து நேரடியாக ஹைட்ராக்சில் ரேடிக்கலை எடுக்கும் ஆற்றல் அந்தத் துளைக்குக் கிடையாது. எலக்ட்ரான் ஆக்சிஜனைப் பிடித்து சூப்பராக்சைடாக்கும் வழியைத்தான் இது பெரிதும் நம்பியிருக்கிறது. சாயத்தின் நிறத்தை உடைக்க அது போதும். சாய மூலக்கூறுக்குள் இருக்கும் நாப்தலீன் வளையம்வரை உடைத்து முடிக்க நேரம் பிடிக்கும். துத்தநாக ஆக்சைடோடு கலந்து கூட்டுப்பொருளாக்கினால் வேகம் கூடும், அப்படிச் செய்தால் கசிவுக் கணக்கும் கூடவே வந்துவிடும்.

மற்றவற்றைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். பிஸ்மத் வனடேட் 2.4 எலக்ட்ரான் வோல்ட், பச்சை ஒளிவரை வாங்கும். ஆனால் அதன் எலக்ட்ரானுக்கு ஆக்சிஜனைப் பிடிக்கும் வலு இல்லை, வனேடியமோ நஞ்சு. வெள்ளி ஏற்றிய டைட்டானியம் ஆய்வகத்தில் அழகாக வேலை செய்யும். உப்பு நீரில் வெள்ளி குளோரைடாகிவிடும். இலைச்சாறு ஊற்றிச் செய்யும் ‘பசுமை’ முறை நம் பக்கம் மிகவும் பரவியிருக்கிறது. வேம்பு, முருங்கை, நுணா என்று இலைக்கொரு ஆய்வேடு. ஒரே மரத்து இலையின் சாறு மாசியில் ஒரு மாதிரி, ஐப்பசியில் ஒரு மாதிரி இருக்கும், பொடியும் அப்படியே மாறும். அடுத்தவர் திரும்பச் செய்ய முடியாத ஒன்றைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

வினையூக்கியே செய்யாமல் இரும்பு சல்பேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் போட்டு வெயிலில் வைக்கும் ஃபென்டன் முறையையும் நேர்மையாக எடை போட வேண்டும். வேகத்தில் இது மேற்சொன்ன மூன்றையும் தாண்டும். ஆனால் பி.எச். 3-ஐ ஒட்டி இருக்க வேண்டும், நாள்தோறும் பெராக்சைடு வாங்க வேண்டும், பின்பு சுண்ணாம்பு போட்டால் இரும்புச் சேறு மிஞ்சும். அந்தச் சேற்றை எங்கே கொட்டுவது என்பதற்குச் சின்னப் பட்டறையிடம் பதில் இருக்காது.

ஆக, என் தெரிவு இது. வேதியியலைக் கற்க வேண்டும், எக்ஸ்ரே விளிம்பு விளைவு முதல் வேக மாறிலிவரை எல்லாம் ஒரு பருவத்தில் பார்க்க வேண்டும் என்றால் ஆக்சலேட் வழித் துத்தநாக ஆக்சைடு. பட்டறை நீருக்கு ஏதேனும் உண்மையில் செய்ய வேண்டும் என்றால் கண்ணாடியில் பதித்த டைட்டானியம் டை ஆக்சைடு. கார்பன் நைட்ரைடை இரண்டாம் ஆண்டு ஆராய்ச்சிக்கு விட்டுவிடுவேன்.

பதிப்பதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், பொடியைக் கலக்கிவிட்டு வடிகட்ட முயன்ற எவருக்கும் தெரியும், நானோ பொடி தாளை அடைத்துக்கொள்ளும் அல்லது அதைத் தாண்டிப் போகும். கால்சியத்தால் இறுகிய அல்ஜினேட் (கடற்பாசிக் கூழ்) மணிகளில் அடைத்து வைப்பதும் இந்த நீருக்கு ஒத்துவராது. மிச்சமிருக்கும் சோடா ஆஷ் மணியிலுள்ள கால்சியத்தை இழுத்துக்கொள்ள, மணிகள் ஊதிக் கரைந்துவிடும். நெய்வேலிச் சாம்பலில் ஏற்றலாம் என்று பலர் சொல்வார்கள். பழுப்பு நிலக்கரிச் சாம்பல் கால்சியம் மிகுந்தது, நீரில் போட்டதும் காரத்தை ஏற்றும். அமிலத்தில் நன்றாகக் கழுவிய பிறகே அதைத் தொடலாம்.

கண்ணாடிக்கு வருவோம். கண்ணாடித் தகட்டை எமரித் தாளால் சொரசொரப்பாகத் தேயுங்கள். பி25-ஐ நீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்து, துளி நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 3-க்குக் கொண்டுவந்து நன்றாகக் கலக்குங்கள். தகட்டில் ஊற்றி வடித்து, உலர்த்தி, 450 டிகிரியில் சுட்டு, உலையிலேயே ஆற விடுங்கள். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் கண்ணாடி வெடிக்கும். இதையே மூன்று நான்கு முறை திரும்பச் செய்தால் கைக்கு ஒட்டாத வெண்பூச்சு கிடைக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடியின் சோடியம் சூட்டில் பூச்சுக்குள் ஏறி வேகத்தைக் குறைக்கும். முடிந்தால் போரோசிலிகேட் வாங்குங்கள், இல்லையென்றால் முதலில் மெல்லிய சிலிக்காப் பூச்சு ஒன்று கொடுங்கள். தகட்டைத் தெற்கு நோக்கி 12 டிகிரி சாய்த்து வைத்து, மேலிருந்து நீர் மெல்லிய படலமாக ஓடும்படி விட்டு, கீழே பிடித்து மீன்தொட்டிப் பம்பு வைத்து மேலேற்றினால் போதும். கடலூரின் அட்சரேகைக்கு அந்தச் சாய்வு பொருந்தும். படலமாக ஓடும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனும் தானாகக் கரையும்.

எதைச் செய்தாலும், சோதிக்கும் சாயத்தில் கவனம் வேண்டும். எல்லோரும் மெத்திலீன் நீலத்தை எடுக்கிறார்கள். அது நேர்மின் அயனி. டைட்டானியத்தில் கார நீரில் ஒட்டும், பீக்கரிலும் ஒட்டும். பட்டறைச் சாயம் இதற்கு நேர் எதிர். மெத்திலீன் நீலம் ஆக்சிஜன் குறைந்தால் நிறமற்ற லியூகோ வடிவத்துக்குப் போய், காற்றுப்பட்டதும் நீலமாகத் திரும்பும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தானே வாங்கித் தானே சிதையவும் செய்யும். அதை வைத்து ஒரு பொடி ‘கண்ணுறு ஒளியில் வேலை செய்கிறது’ என்று சொல்ல முடியாது. ரியாக்டிவ் பிளாக் 5 எடுங்கள். அதன் 597 நானோமீட்டர் உச்சி அசோ பிணைப்பின் (இரு நைட்ரஜன் அணுக்களுக்கிடையிலான இரட்டைப் பிணைப்பு) நிறம், 310-ஐ ஒட்டிய உச்சி நாப்தலீன் வளையம். முதலாவது காணாமல் போன பிறகும் இரண்டாவது நிமிர்ந்து நிற்பதைப் பதிவுத்தாளில் பார்க்கலாம். கண்ணுக்குத் தெளிந்த அந்த நீரில் அரோமேட்டிக் (வளைய அமைப்புள்ள) பொருள்கள் இன்னும் இருக்கின்றன.

நீரில் மிஞ்சிய கரிமப் பொருளைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவையை (சி.ஓ.டி.) டைகுரோமேட் கொண்டு அளக்கும்போதும் எச்சரிக்கை தேவை. குளோரைடு மிகுந்த நீரில் டைகுரோமேட் குளோரைடையே ஆக்சிஜனேற்றி எண்ணைக் கூட்டிக் காட்டும். அதைத் தடுக்கச் சேர்க்கும் மெர்குரிக் சல்பேட் லிட்டருக்கு 2000 மில்லிகிராம் குளோரைடு வரைதான் தாங்கும். ஆய்வகத்தில் செயற்கைச் சாய நீர் தயாரிக்கும்போது சாதா உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட் போட்டால் இந்தத் தொல்லை தீரும். பட்டறைகளில் இரண்டுமே புழங்குபவைதான்.

இதைப் பற்றி ஒரு சாயப்பட்டறைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: “நிறம் போயிடும்னு சொல்றீங்க, சரி சார். உப்பு போகுமா?” போகாது. 2011 சனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வழக்கின் மையத்தில் நிறத்தோடு உப்பும் இருந்தது. ஒளிவினையூக்கி உப்பைத் தொடாது. உப்பை நீக்கும் எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) சுத்திகரிப்புக்கு முன்னால் வைத்து, சவ்வை அடைக்கும் கரிமப் பொருளைக் குறைப்பதுதான் அதற்குரிய இடம். பட்டறைக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு நம்மை அவர் நம்பாமல் போவதற்கு வழி வைக்கக் கூடாது.

காலத்தையும் பார்த்துத் திட்டமிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கடலூரை விடாது. அந்த மாதங்களில் வெயில் சோதனையும் வேண்டாம், ஐசோபுரோபாக்சைடு புட்டியையும் திறக்க வேண்டாம். ஆக்சலேட் படிவு, கண்ணாடித் தேய்ப்பு, பூச்சு, உலை வேலை எல்லாவற்றையும் அப்போது முடியுங்கள். இருட்டில் அரை மணி நேரம் வைத்து எவ்வளவு சாயம் சும்மா ஒட்டுகிறது, பொடியே இல்லாமல் வெயில் மட்டும் பட்டால் எவ்வளவு வெளுக்கிறது என்னும் இரண்டு ஒப்பீட்டுச் சோதனைகளில் முதலாவதையும் மழைக்காலத்திலேயே எடுத்துவிடலாம். தை பிறந்ததும் காலை பத்து முதல் பிற்பகல் இரண்டு வரை தகட்டை வெளியே வைத்தால், ஏப்ரலில் ஆய்வேடு கொடுப்பதற்குள் ஒரே தகட்டைப் பலமுறை ஓட்டி அதன் வேகம் எவ்வளவு தேய்கிறது என்பதுவரை அளந்துவிட நேரம் இருக்கும்.